கடலுக்கும் காட்டுக்கும் நடுவே கனிகா

தலைநகர் தில்லியில் புதிதாக எழும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தண்ணீர்க் குழாய் பொருத்தும் தொழிலாளியிடம் சொந்த ஊர் எதுவென்று விசாரித்தால், பெரும்பாலும் "கேந்திரபாரா" என்ற பதிலே கிடைக்கும். ஒடிசா மாநிலத்தின் இக் கடலோர மாவட்டம் நாட்டின் பெருநகரங்கள் பலவற்றுக்கும், வளைகுடா நாடுகளுக்கும் பிளம்பர்களை அனுப்பிக் கொண்டிருக்கிறது. இம் மாவட்டத்தின் பட்டமுண்டையில் பிளம்பிங் தொழில்நுட்பத்துக்கென்றே மாநில அரசின் பயிற்சி நிலையம் ஒன்றும் இயங்குகிறது.

வயலும் ஆறும் கடலும் சூழ்ந்த பகுதியிலிருந்து இளைஞர்கள் ஏன் இப்படி வெளியேறுகின்றனர்? இதற்கு விடை தேடுபவர்கள் ஒரு பழைய ஜமீனின் வரலாற்றைப் புரட்ட வேண்டும். அதன் பெயர் கனிகா.

பிராமணி, வைதரணி ஆகிய இரு பெரும் ஆறுகள் வங்கக் கடலில் கலக்கும் இடத்தில் பரந்து கிடந்தது கனிகா ஜமீன். ராஜ்கனிகா அதன் தலைநகர். வடக்கே வைதரணிக் கரையில் சாந்தபாலி, ஆறு கடலைத் தொடும் முகத்தில் தாம்ரா, தெற்கே ராஜ்நகர், கடற்கரையை ஒட்டி சாதபாயா கிராமங்கள், இவற்றுக்கு இடையே சதுப்புநிலக் காடு. அக் காட்டுக்குப் பிதர்கனிகா என்று பெயர். ஒடியா மொழியில் "பிதர" என்றால் உள்ளே என்று பொருள். கனிகாவின் உட்பகுதி என்பதே இப் பெயரின் விளக்கம்.

இன்று இப் பகுதி கேந்திரபாரா, பத்ரக் என்ற இரு மாவட்டங்களில் பிரிந்து கிடக்கிறது. ஜமீன் மறைந்து 70 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. ஆனால், காடு யாருக்கு, கடற்கரை யாருக்கு, ஆற்று நீர் யாருக்கு என்ற கேள்விகள் மட்டும் இன்னும் தீரவில்லை.

கோட்டை ராஜாக்கள்

ஒடிசாவின் கடலோரத்தில் கனிகா, ஆலி, குஜங் போன்ற ஜமீன்கள் "கில்லா" என்று அழைக்கப்பட்டன. கில்லா என்றால் கோட்டை. ஆறுகளும் கழிகளும் காடுகளுமே இவற்றுக்கு அரணாக இருந்தன. 1803-ல் மராட்டியர்களிடமிருந்து ஒடிசாவைக் கைப்பற்றிய ஆங்கிலேயர்கள், இவர்களைக் கப்பம் செலுத்தும் ஜமீன்தார்களாக ஏற்றுக் கொண்டனர். கனிகா ராஜாக்கள் பஞ்ச தேவ் என்னும் பட்டப் பெயரைத் தாங்கியவர்கள். மயூர்பஞ்ச் அரச மரபின் கிளையே தங்கள் வம்சம் என்பது அவர்கள் மரபு.

இவர்களில் குறிப்பிடத்தக்கவர், 20-ம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஜமீனை ஆண்ட ராஜேந்திர நாராயண் பஞ்ச தேவ். ஒடியா பேசும் மக்களுக்குத் தனி மாகாணம் கோரியவர்களில் அவரும் ஒருவர். கட்டாக் நகரின் புகழ்பெற்ற ராவென்ஷா கல்லூரிக்கு அவர் அளித்த நன்கொடையால் உருவான நூலகம், "கனிகா நூலகம்" என்றே இன்றளவும் அழைக்கப்படுகிறது. ராவென்ஷா இப்போது பல்கலைக்கழகமாக உயர்ந்துவிட்டது. நூலகத்தின் பெயர் மாறவில்லை.

ஆனால், கல்விக்கு வாரி வழங்கிய இதே ஜமீனின் குடியானவர்கள் வேறொரு கதையைச் சொன்னார்கள். நில வரியோடு, பலவகைப் பெயர்களில் உபரி வசூல்களும் அவர்களை அழுத்தின. 1921-ல் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியபோது, கனிகாவின் குடியானவர்கள் வரி செலுத்த மறுத்தனர். போராட்டம் 1922-ல் முற்றியது. போலீஸார் துப்பாக்கிச் சூடு நடத்தினர், குடியானவர்கள் உயிரிழந்தனர்.

கனிகாவில் நடந்தவற்றை வெளியுலகுக்குக் கொண்டு வந்தவர்களில் முதன்மையானவர் "உத்கலமணி" கோபபந்து தாஸ். 1919-ல் தாம் தொடங்கிய "சமாஜ்" இதழில் கனிகா மக்களின் துயரத்தை எழுதினார். 1922-ல் அவர் கைதாகி, ஹஜாரிபாக் சிறையில் அடைக்கப்பட்டார். 1924-ல்தான் விடுதலையானார். ஒடிசாவின் விவசாயிகள் இயக்க வரலாற்றில் கனிகா போராட்டத்துக்குத் தனி இடம் உண்டு.

சாந்தபாலித் துறை

கனிகாவின் வட எல்லையில் உள்ள சாந்தபாலி, இன்று பிதர்கனிகாவுக்குப் படகேறும் சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டுமே தெரிந்த சிற்றூர். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை வேறு. கோல்கத்தாவிலிருந்து ஒடிசாவுக்கு வரும் நீராவிக் கப்பல்கள் வந்து நிற்கும் துறைமுகம் அது.

அத் துறைமுகத்தின் வளர்ச்சிக்குப் பின்னே ஒரு பெரும் துயரம் இருக்கிறது. 1866-ல் ஒடிசாவைத் தாக்கிய பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். அன்றைய மக்கள்தொகையில் இது மூன்றில் ஒரு பங்கு. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்ததால் வெளியிலிருந்து அரிசி கொண்டுவர இயலவில்லை. தரை வழியே நல்ல சாலைகளும் இல்லை. அதன் பிறகே துறைமுகங்கள், கால்வாய்கள், சாலைகள் மீது ஆட்சியாளர்களின் கவனம் திரும்பியது. கொள்ளிடத்தில் மேலணை கட்டித் தஞ்சை விவசாயத்தைக் காத்த ஆர்தர் காட்டன்தான், பஞ்சத்துக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே, 1858-ல், மகாநதிப் பாசனத்துக்கும் திட்டம் வகுத்துக் கொடுத்தவர். கேந்திரபாரா கால்வாய் அத் திட்டத்தின் விளைவுகளில் ஒன்று.

புரி ஜகந்நாதரைத் தரிசிக்க வங்காளத்திலிருந்து வரும் யாத்ரிகர்கள், கோல்கத்தாவில் கப்பலேறி சாந்தபாலியில் இறங்கி, அங்கிருந்து கட்டாக் வழியாகப் புரிக்குச் செல்வது வழக்கம். 1887 மே மாதம் "சர் ஜான் லாரன்ஸ்" என்ற நீராவிக் கப்பல் சாந்தபாலியை நோக்கிப் புறப்பட்டது. நடுவழியில் புயலில் சிக்கிய அக் கப்பல் கரை சேரவே இல்லை. அதிலிருந்த 700-க்கும் மேற்பட்டோர் மூழ்கி இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் புரி யாத்திரைக்குப் புறப்பட்ட பெண்கள். அவர்களின் நினைவாக கோல்கத்தாவில் ஹூக்ளி நதிப் படித்துறை ஒன்றில் பதிக்கப்பட்ட கல்வெட்டு இன்றும் உள்ளது.

அந் நூற்றாண்டின் இறுதியில் ரயில் பாதை வந்தது. யாத்ரிகர்கள் ரயிலேறிவிட, சாந்தபாலியின் பரபரப்பு அடங்கியது. துறைமுகம் மெல்ல மெல்ல ஆற்றங்கரைச் சந்தை ஊராகச் சுருங்கியது.

வேட்டைக் காடு

பிதர்கனிகா கனிகா ராஜாக்களின் வேட்டைக் காடு. காட்டுக்குள்ளே நன்னீர்க் குளத்தின் அருகில் அவர்கள் அமைத்த வேட்டைக் கோபுரத்தை இன்றும் காணலாம். நீர் அருந்த வரும் விலங்குகளைக் கோபுரத்தில் மறைந்திருந்து சுடுவது வழக்கம். தாம்ரா அருகே 1926-ல் சுட்டுக் கொல்லப்பட்டதாகக் கூறப்படும் ராட்சத முதலை ஒன்றின் மண்டையோடு கனிகா அரச குடும்பத்தால் பாதுகாக்கப்பட்டு வந்தது. உயிரோடிருந்தபோது அம் முதலை 20 அடிக்கும் அதிகமான நீளம் இருந்திருக்கும் என்று கணக்கிடப்பட்டுள்ளது.

ராஜாவின் துப்பாக்கி ஒருபுறம் வேட்டையாடினாலும், ராஜாவின் காவல் மறுபுறம் காட்டைக் காத்தது என்பது உண்மை. ஜமீன்தாரின் அனுமதியின்றி மரம் வெட்டுவது இயலாத காரியம். 1951-ல் ஒடிசா ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. 1952-ல் கனிகாவின் காடுகள் அரசின் வசமாயின. ஆனால், அவை வனத் துறையின் முழுப் பொறுப்பில் வர 1957 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நாடு பிரிவினைக்குப் பின்னர் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளும், மேற்கு வங்கத்தின் மேதினிபூரிலிருந்து நிலம் தேடி வந்தவர்களும், உள்ளூர் ஏழைகளும் காட்டை வெட்டி நெல் வயலாக்கினர். பின்னாளில் இறால் பண்ணைகளும் பெருகின. "கேரி" என்று உள்ளூரில் அழைக்கப்படும் இப் பண்ணைகளால் சதுப்புநிலக் காடு மேலும் குறைந்தது. எஞ்சியதே இன்று நாம் காணும் பிதர்கனிகா. எனினும், நாட்டின் சதுப்புநிலக் காடுகளில் சுந்தரவனத்துக்கு அடுத்து முதன்மையாகப் பேசப்படுவது இதுவே.

95-லிருந்து 1,826

தோலுக்காகவும் வேட்டை மோகத்துக்காகவும் சுடப்பட்டு, 1970-களின் தொடக்கத்தில் உவர்நீர் முதலைகள் அழிவின் விளிம்புக்குச் சென்றன. ஐ.நா. அமைப்புகளின் உதவியுடன் விலங்கியல் அறிஞர் எச்.ஆர். பஸ்டர்டு இந்திய அரசுக்கு ஆலோசனை வழங்கினார். 1975 ஏப்ரலில் பிதர்கனிகா 672 சதுர கி.மீ. பரப்புள்ள வன விலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டாங்மல் என்ற இடத்தில் முதலை வளர்ப்புத் திட்டம் தொடங்கியது.

அப்போது அங்கிருந்த முதலைகள் 95 மட்டுமே. காட்டிலிருந்து முட்டைகளைச் சேகரித்து, பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்த்து, ஓரளவு பெரியதானதும் ஆற்றில் விடுவதே திட்டம். 2025 ஜனவரியில் நடந்த கணக்கெடுப்பில் முதலைகளின் எண்ணிக்கை 1,826. இந்தியாவின் வன உயிரினப் பாதுகாப்பில் கிடைத்த பெரும் வெற்றிகளில் இதுவும் ஒன்று. 2006-ல் இங்கு வாழும் 23 அடி நீள முதலை, உலகிலேயே மிகப் பெரியது என கின்னஸ் நூலில் இடம்பெற்றது. சரணாலயத்தின் மையப்பகுதியான 145 சதுர கி.மீ. 1998-ல் தேசியப் பூங்காவாகவும், 2002-ல் இச் சதுப்புநிலம் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டன.

வெற்றிக்கு ஒரு விலையும் உண்டு. அதை ஆற்றங்கரைக் கிராமங்கள் செலுத்துகின்றன. குளிக்கவும், துணி துவைக்கவும், கால்நடைகளைக் கழுவவும் ஆற்றையும் ஓடையையும் நம்பியிருக்கும் மக்களை முதலைகள் இழுத்துச் செல்லும் சம்பவங்கள் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. 2023-ல் கோடையிலும் மழைக்காலத்திலும் அடுத்தடுத்து நேர்ந்த மரணங்களால் கிராமங்களில் பீதி பரவியது. படித்துறைகளைச் சுற்றி இரும்பு வலை வேலிகளை வனத் துறை அமைத்து வருகிறது. வீட்டுக்குள் குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் இருந்தால், ஆற்றுக்குச் செல்லும் தேவையே பாதியாகக் குறையும். நாடெங்கும் குழாய் பொருத்தச் செல்பவர்களின் ஊர்களில், குளிப்பதற்கு இன்னமும் முதலை உலவும் ஆற்றில் இறங்க வேண்டியிருக்கிறது.

முட்டைக்கு வரி

பிதர்கனிகாவின் கிழக்கு எல்லை கஹிர்மாதா கடற்கரை. பங்குனி ஆமைகள் என்று தமிழக மீனவர்கள் அழைக்கும் சிற்றாமைகள், லட்சக்கணக்கில் ஒரே நேரத்தில் கரையேறி முட்டையிடும் அதிசயம் இங்கே நடக்கிறது. தமிழகக் கரையில் ஒன்றும் இரண்டுமாக வரும் அதே இனம், இங்கே சில இரவுகளுக்குள் கரையையே மூடிவிடும். 1974-ல் பஸ்டர்டு இதைக் கண்டறிந்து அறிவியல் உலகுக்கு அறிவித்தார்.

கனிகா மக்களுக்கு அது புதிய செய்தி அல்ல. தலைமுறை தலைமுறையாக அவர்கள் அம் முட்டைகளைப் படகு படகாக அள்ளிச் சென்றனர். ஜமீன் காலத்தில் இதற்கு வரியே இருந்தது. "அண்டகரா" என்று அதற்குப் பெயர். அண்டம் என்றால் முட்டை. கரம் என்றால் வரி. ஜமீன் ஒழிந்த பிறகு அரசே அனுமதிச் சீட்டு வழங்கி முட்டை சேகரிக்க வழிவிட்டது. 1970-களின் நடுவில்தான் அது நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகும் ஆமைகளை இறைச்சிக்காகப் பிடித்து கோல்கத்தாவுக்கு அனுப்பும் வணிகம் சில காலம் தொடர்ந்தது.

1997-ல் கஹிர்மாதாவை ஒட்டிய கடற்பகுதியையும் சேர்த்து 1,435 சதுர கி.மீ. பரப்பு கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆண்டுதோறும் நவம்பர் 1 முதல் மே 31 வரை அங்கே மீன்பிடிக்கத் தடை. இழுவைப் படகுகளின் வலைகளில் சிக்கி மூச்சுத் திணறி ஆமைகள் இறப்பதைத் தடுப்பதே நோக்கம். 2025 மார்ச்சில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் கஹிர்மாதாவில் முட்டையிட்டன.

ஏழு மாதத் தடை என்பது மீனவக் குடும்பங்களுக்கு ஏழு மாத வேலையின்மை. பெரிய இழுவைப் படகுகளுக்கும் சிறு நாட்டுப் படகுகளுக்கும் ஒரே அளவுகோலா என்பது மீனவர் அமைப்புகளின் நீண்ட நாள் கேள்வி. நிவாரண உதவியை உயர்த்த வேண்டும், மாற்றுத் தொழில் வேண்டும் என்ற கோரிக்கைகள் ஒவ்வொரு பருவத்திலும் எழுகின்றன. தடையை மீறிச் சென்று படகுகள் பறிமுதலாவதும், மீனவர்கள் கைதாவதும் செய்தியாக வந்த வண்ணமே உள்ளன.

கடல் கொண்ட ஊர்கள்

கஹிர்மாதாவை ஒட்டியுள்ள சாதபாயா, ஒரு காலத்தில் பல கிராமங்களின் தொகுதி. "ஏழு சகோதரர்கள்" என்று பொருள்படும் பெயர் அது. அச் சகோதரர்களில் பெரும்பாலோரைக் கடல் கொண்டுவிட்டது. கோவிந்தபூர், மோகன்பூர், கன்ஹுபூர் ஆகிய பெயர்கள் இன்று பழைய நில ஆவணங்களில்தான் இருக்கின்றன. வயல்களும், தென்னந்தோப்புகளும், பள்ளிக்கூடமும், கிணறுகளும் அடுத்தடுத்து அலைக்குள் சென்றன. வீட்டைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளிக் கட்டியவர்களுக்கு, ஒரு கட்டத்தில் பின்னுக்குச் செல்ல இடமே இல்லாமல் போயிற்று.

நீண்ட இழுபறிக்குப் பின்னர் 571 குடும்பங்களுக்கு, சுமார் 12 கி.மீ. தொலைவில் உள்ள பாகபாட்டியாவில் அரசு மறுவாழ்வுக் குடியிருப்பு அமைத்தது. கடல் அரிப்பால் இடம்பெயர்ந்தவர்களுக்கென நாட்டில் உருவான முதல் மறுவாழ்வுக் குடியிருப்புகளில் ஒன்று என்று இது கருதப்படுகிறது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 10 சென்ட் வீட்டுமனையும், வீடு கட்ட நிதியும் வழங்கப்பட்டன.

மக்களோடு அவர்களின் தெய்வங்களும் இடம்பெயர்ந்தன. சாதபாயாவில் பஞ்சுபாராஹி கோயில் புகழ்பெற்றது. ஐந்து தேவியர் கடலைக் கட்டுப்படுத்தி ஊரைக் காக்கின்றனர் என்பது நம்பிக்கை. அங்கே பூசாரிகள் பெண்கள். தலித் சமூகத்தைச் சேர்ந்த மணமான பெண்களே பூஜை செய்யும் உரிமை பெற்றவர்கள். ஆண்கள் சிலைகளைத் தொடக் கூடாது என்பது நூற்றாண்டுகளாக நீடித்த விதி.

2018 ஏப்ரலில் அந்த விதி ஒருமுறை தளர்ந்தது. கடல் கோயிலை நெருங்கிவிட்டது. ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள ஐந்து கற்சிலைகளைத் தூக்கிச் செல்லப் பெண்களால் மட்டும் இயலாது. ஆகவே, ஆண்கள் சிலைகளைத் தொட அனுமதிக்கப்பட்டனர். படகிலேற்றி பாகபாட்டியாவில் கட்டப்பட்ட புதிய கோயிலுக்குத் தேவியர் கொண்டு செல்லப்பட்டனர். சுத்திகரிப்புச் சடங்குகளுக்குப் பின்னர் பூஜை உரிமை மீண்டும் பெண்களிடமே வந்தது.

புதிய ஊரில் சாலை உண்டு, மின்சாரம் உண்டு, புயல் பாதுகாப்பு மையம் உண்டு. உழுவதற்கு நிலம் இல்லை. 10 சென்ட் மனையில் வீடு போக மிஞ்சுவது முற்றம் மட்டுமே. பல ஏக்கர் நெல் வயல் வைத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கேரளத்திலும், தமிழகத்திலும், குஜராத்திலும் கூலி வேலைக்குச் செல்கின்றனர். கடலில் மூழ்கிய விளைநிலத்துக்கு இழப்பீடு எவ்வாறு என்பதற்குத் தெளிவான பதில் நாட்டின் சட்டங்களில் இல்லை. புயல், வெள்ளம் போன்று ஒரே நாளில் தாக்கும் பேரிடருக்கு நிவாரண விதிகள் உள்ளன. அங்குலம் அங்குலமாக நிலத்தைத் தின்னும் கடலுக்கு அவ்விதிகள் பொருந்திவரவில்லை.

அருகிலுள்ள பெந்தா கிராமத்தில் வேறொரு முயற்சி மேற்கொள்ளப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி.யின் தொழில்நுட்ப வழிகாட்டுதலுடன், உலக வங்கி நிதியில், மணல் நிரப்பிய செயற்கை இழைக் குழாய்களை அடுக்கி 505 மீட்டர் நீளத் தடுப்புச் சுவர் கட்டப்பட்டது. அச் சுவர் பெந்தாவின் மண் கரையை அலையிலிருந்து காக்கிறது. ஆனால், கேந்திரபாராவின் கடற்கரை அரை கிலோமீட்டரில் முடிந்துவிடுவதல்ல.

காடு நின்ற இடத்தில்

கனிகாவின் கடலோரம் புயல்களின் பாதையில் அமைந்துள்ளது. 1885 செப்டம்பரில் மகாநதி முகத்துவாரத்தின் ஃபால்ஸ் பாயின்ட் பகுதியைத் தாக்கிய புயலில் கடல் 20 அடிக்கு மேல் எழுந்து ஆயிரக்கணக்கானோரை வாரிச் சென்றது. 1971 அக்டோபர் புயலில் சுமார் 10 ஆயிரம் பேர் இறந்தனர். 1999 அக்டோபர் 29-ல் கரையைக் கடந்த பெரும் புயலிலும் பலி எண்ணிக்கை ஏறத்தாழ 10 ஆயிரம்.

1999 புயலுக்குப் பின்னர் கேந்திரபாரா மாவட்டத்தின் கிராமங்களில் சௌதாமினி தாஸ், ஜெஃப்ரி வின்சென்ட் ஆகிய இரு பொருளாதார அறிஞர்கள் ஆய்வு நடத்தினர். 2009-ல் வெளியான அதன் முடிவு எளிமையானது: கிராமத்துக்கும் கடலுக்கும் இடையே சதுப்புநிலக் காடு எவ்வளவு அகலமாக இருந்ததோ, அவ்வளவுக்கு உயிரிழப்பு குறைவு. முன்கூட்டியே விடப்பட்ட புயல் எச்சரிக்கை அதைவிட அதிக உயிர்களைக் காத்தது என்பதையும் அவ் ஆய்வு சுட்டிக் காட்டியது. காடும் வேண்டும், எச்சரிக்கையும் வேண்டும் என்பதே அதன் சாரம்.

இப் பாடம் வீண் போகவில்லை. 2024 அக்டோபர் 25 அதிகாலையில் "டானா" புயல், பிதர்கனிகாவின் ஹபாலிகட்டிக்கும் தாம்ராவுக்கும் இடையே, அதாவது பழைய கனிகாவின் நெஞ்சுப் பகுதியிலேயே கரையைக் கடந்தது. லட்சக்கணக்கான மக்கள் முன்னதாகவே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மரங்கள் சாய்ந்தன, பயிர்கள் மூழ்கின. 1971 போன்றோ 1999 போன்றோ பிணக்குவியல் இல்லை. புயலின் வேகத்தைச் சதுப்புநிலக் காடு தாங்கிக் கொண்டது என்பது அதிகாரிகளின் கருத்து.

துறைமுகமும் ஏவுகணையும்

ஆமைகள் முட்டையிடும் கரைக்கு வடக்கே சில கிலோமீட்டர் தூரத்தில் தாம்ரா துறைமுகம் உள்ளது. டாடா ஸ்டீல், எல் அண்ட் டி நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய இத் துறைமுகம் 2011-ல் செயல்படத் தொடங்கியது. 2014-ல் அதானி குழுமம் இதை வாங்கியது. ஆமைகளின் வாழ்விடத்துக்கு ஆபத்து என சுற்றுச்சூழல் அமைப்புகள் அன்று கடுமையாக எதிர்த்தன. விளக்குகளின் வெளிச்சம் கடலை நோக்கிச் செல்லாதவாறு மறைப்பு, தூர்வாரும் கருவிகளில் ஆமைத் தடுப்பு போன்ற நிபந்தனைகளுடன் பணி தொடர்ந்தது. துறைமுகத்தால் சாலையும் ரயில் பாதையும் வேலைவாய்ப்பும் வந்தன என்பதை மறுக்க முடியாது. உள்ளூர்க்காரர்களுக்குக் கிடைத்த வேலைகள் எத்தனை என்ற கேள்வியும் உடன் வந்தது.

தாம்ரா கரைக்கு அப்பால் கடலில் உள்ள வீலர் தீவு, 2015 செப்டம்பரில் அப்துல் கலாம் தீவு என்று பெயர் மாற்றப்பட்டது. 1990-களில் ஏவுகணைச் சோதனைக்கு இத் தீவைத் தேடிக் கண்டு, அன்றைய முதல்வர் பிஜு பட்நாயக்கிடம் கேட்டுப் பெற்றவர் கலாம். அக்னி வரிசை ஏவுகணைகளின் பல சோதனைகள் இங்கிருந்தே நடைபெற்றன. 5 ஆயிரம் கி.மீ. பாயும் அக்னி-5 முதன்முதலாக 2012 ஏப்ரல் 19-ல் இங்கிருந்து ஏவப்பட்டது. ஆமைகளின் பருவத்தில் தீவின் விளக்குகள் மங்கலாக்கப்படுகின்றன. ராமேசுவரத்துக் கடற்கரையில் வளர்ந்தவரின் பெயரை, ஆமைகள் கூடும் கடலிலுள்ள ஒரு தீவு தாங்கி நிற்பது பொருத்தமே.

நன்னீர் எங்கே?

கனிகாவின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப் போவது கடல் மட்டுமல்ல, மேலிருந்து வரும் ஆறுகளும்தான். சதுப்புநிலக் காடு செழிக்க உவர்நீரும் நன்னீரும் கலந்த நீர் தேவை. பிராமணி ஆற்றின் மேல்பகுதியில் அணையும், அங்குல் மற்றும் கலிங்கநகர் பகுதிகளில் உருக்கு ஆலைகளும் அனல் மின் நிலையங்களும் உள்ளன. ஆலைகளின் தேவை கூடக்கூட, கழிமுகத்துக்கு வந்து சேரும் நன்னீர் குறையும். உப்பு ஆற்றுக்குள் மேலேறும். நன்னீர் குறைந்தால் முதலைகளும் மீன்களும் இடம் மாறும். வயல்களிலும் கிணறுகளிலும் உப்பு படியும்.

பிராமணியின் கிளையான கரஸ்ரோதா ஆற்றிலிருந்து அண்டை மாவட்டமான பத்ரக்குக்குக் குடிநீர் கொண்டு செல்லும் திட்டத்தை எதிர்த்து ராஜ்கனிகா பகுதி மக்கள் போராட்டத்தில் இறங்கியதன் பின்னணி இதுவே. குடிநீர் கேட்பவர்களும் பாமர மக்கள்தான். கொடுக்க மறுப்பவர்களும் பாமர மக்கள்தான். அண்டை ஊர்கள் இரண்டும் ஒரே பழைய கனிகாவின் சுற்றுவட்டத்தைச் சேர்ந்தவை. மேல்பகுதியில் ஆலைகள் எடுக்கும் நீரைக் கணக்கிடாமல், கீழ்ப்பகுதியில் கிராமங்களுக்கு இடையே பங்கு பிரிப்பதால் இப் பிணக்கு தீராது.

முதலையைக் காக்க வனத் துறை, ஆமையைக் காக்கக் கடல் சரணாலயம், துறைமுகத்துக்குத் தனி வாரியம், ஏவுகணைக்குப் பாதுகாப்புத் துறை, நீருக்கு நீர்வளத் துறை என ஒவ்வொன்றுக்கும் ஓர் அலுவலகம் இன்று இருக்கிறது. அன்று இவை அனைத்துக்கும் ஒரே ஜமீன் கச்சேரி. அக் கச்சேரியின் கொடுமை தாங்காமல் மக்கள் 1921-ல் கிளர்ந்தெழுந்தனர். அது ஒழிந்ததும் நியாயமே. ஆனால், காடும் ஆறும் கடலும் ஊரும் ஒன்றையொன்று சார்ந்தவை என்ற முழுப் பார்வை, அலுவலகங்களுக்கு இடையே சிதறிவிடக் கூடாது.

ஒடிசாவின் முக்கிய விவசாயத் திருவிழாவான "ரஜ" பண்டிகை ஆனி மாதத் தொடக்கத்தையொட்டி வருகிறது. பூமித் தாய்க்கு ஓய்வளிக்கும் அந் நாள்களில் ஏர் பூட்டுவதில்லை. தில்லியிலும் சென்னையிலும் பணிபுரியும் கேந்திரபாரா இளைஞர்களில் முடிந்தவர்கள் அப்போது ஊர் திரும்புகின்றனர். பாகபாட்டியாவுக்குத் திரும்புபவர்களுக்கு ஓய்வு கொடுக்க நிலம் இல்லை. அவர்களின் வயல்கள் கஹிர்மாதாவுக்கு அப்பால், ஆமைகள் நீந்தும் கடலுக்கு அடியில் கிடக்கின்றன.